இடது பின்கதவு

தப்பைத் தப்பாகச் செய்திருந்தால் ஒயர்க்காரன் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பான். இந்தத் தப்பு அழகாகச் செய்யப்பட்டிருந்தது.

காரின் இடது பின்கதவின் உள்பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கதவின் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ஸ்பீக்கரின் பிளஸ்ஸுக்குப் போக வேண்டிய ஒயர் மைனஸில் இருந்தது, மைனஸுக்குப் போக வேண்டியது பிளஸ்ஸில் இருந்தது. அவசரக்காரர்கள் செய்கிற வேலைதான், அவன் கடைக்கு வருகிற வண்டிகளில் பாதி இந்த லட்சணத்தில்தான் வரும். ஆனால் அவசரக்காரன் ஈயத்தை இவ்வளவு பளபளப்பாக, ஒரு சொட்டு வழியாமல் வைக்க மாட்டான். மாற்றிக் கொடுத்த இரண்டு முனைகளையும் தனித்தனி ரப்பர் உறைக்குள் விட மாட்டான். அதன்மேல் கறுப்பு டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, அதற்கும் மேலே நைலான் நூலை இறுக்கி முடிச்சுப் போட மாட்டான். மற்ற மூன்று கதவுகளிலும் பிளஸ் பிளஸ்ஸில் இருந்தது, மைனஸ் மைனஸில் இருந்தது, முடிச்சும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

"வேலை தெரிஞ்சவன்தான் பண்ணியிருக்கான்," என்று ஒயர்க்காரன் முணுமுணுத்தான். "தெரிஞ்சவன் எதுக்குடா இப்படிப் பண்ணினான்?"

"யாரு மாமா? எவன் மாமா? என்ன பண்ணினான்?" என்று பின் சீட்டிலிருந்து மூன்று கேள்வி வந்தது.

அது அவன் தங்கச்சி மகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் குருவி. விழித்திருக்கும் நேரமெல்லாம் வாய் ஓயாது என்பதால் அந்தப் பேர். ஆனால் மழைக்காலம் வந்தால் அதே வாய் கரையில் போட்ட மீன் மாதிரி திறந்து திறந்து மூடும். இளைப்பு. போன மழையில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பு எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் ஒயர்க்காரன்தான். அன்றைக்கு அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்ட அந்த விசில் சத்தம் இன்னும் அவனை விடவில்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் ஸ்பீக்கரோடும் ஒயரோடும் காலம் தள்ளுகிறவனுக்கு உலகத்தில் பிடிமானம் என்று இருந்தது அந்தக் குழந்தை ஒன்றுதான். அவளுக்கு ஒன்று ஆனால் தானும் இல்லை என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாவிட்டாலும் தங்கச்சிக்குத் தெரியும்.

அந்தத் தங்கச்சி மதியம்தான் வந்து வண்டியையும் குழந்தையையும் ஒன்றாக இறக்கிவிட்டுப் போயிருந்தாள். கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது, கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கடைக்கு அன்று வார விடுமுறை.

"இன்ஹேலர் மருந்து அவ பையில முன்பக்கம் இருக்கு. இழுக்க ஆரம்பிச்சா உடனே குடுத்துடுண்ணா. அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துடாத."

"எனக்கு நீ சொல்லணுமா? போ, போய்ப் பல்லைப் பிடுங்கிட்டு வா. ரெண்டு நாளைக்கு வீடாவது அமைதியா இருக்கட்டும்."

"என் வாய் வலிக்குது, இல்லேன்னா நல்லாக் கேட்டிருப்பேன்." கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அவள் வண்டியைக் காட்டினாள். "முன்னாடி எல்லாம் நல்லாத்தான் பாடுது. பின்னாடிதான் என்னமோ போல இருக்கு. மியூசிக் கேக்குது, பாடுறவங்க குரல் கேக்க மாட்டேங்குது. இவ என்ன சொல்றா தெரியுமா? பாட்டுல ஆளையே காணோம்ங்கிறா."

வண்டி புதிது இல்லை. கை மாறி வந்தது. முன்னால் வைத்திருந்தவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவராம், தனிக்கட்டையாம், பேச்சும் அதிகம் இல்லையாம். வண்டியை நன்றாகத்தான் வைத்திருந்தார், ஒரு கீறல் கிடையாது. ஒன்றே ஒன்றைத்தான் ஒயர்க்காரன் கவனித்தான். பின் சீட்டின் இரண்டு ஓரமும் கடையில் வாங்கிய மாதிரி விறைப்பாக இருந்தது, நடு இடம் மட்டும் அமுங்கிக் குழிந்திருந்தது. யாரோ சின்ன உருவம் வருஷக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து வந்த மாதிரி. நடு பெல்ட்டும் மாட்டியபடியே இருந்தது. தனிக்கட்டைக்குப் பின் சீட்டில் யார் என்று ஒரு கணம் யோசித்தான், பிறகு நமக்கெதற்கு ஊர் வம்பு என்று விட்டுவிட்டான்.

தங்கச்சி போனதும் மழை பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே அடித்ததால் ஷட்டரை இழுத்துத் தரைவரை விட்டான். ஒற்றைக் குழல்விளக்கு, அதன் மெல்லிய ரீங்காரம், தகரக் கூரையில் மழை, ஈயம் உருகிய வாசனை, பழைய கார்ப்பெட்டின் புழுக்க நாற்றம். பேட்டரியின் மைனஸைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டுத்தான் கதவைத் திறந்தான். தொழில் ஒழுங்கு அவனுக்கு அவ்வளவு முக்கியம்.

"குரல் ஏன் மாமா காணாமப் போச்சு?"

ஒயர்க்காரன் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே வைத்துக் காட்டினான். "இது இந்தக் கதவு ஸ்பீக்கர். இது அந்தக் கதவு ஸ்பீக்கர். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல காத்தைத் தள்ளணும். அப்பதான் சத்தம் நடுவுல வந்து சேரும். ஒருத்தன் தள்ளுறப்போ இன்னொருத்தன் இழுத்தா என்ன ஆகும்?"

"சண்டை."

"சண்டைதான். நடுவுல ஒண்ணும் மிஞ்சாது. பாடுறவங்க குரலை எப்பவும் நடுவுலதான் வச்சிருப்பாங்க. அதனால முதல்ல அதுதான் காலி. ஒயரை மாத்திக் குடுத்தா அதான் வினை."

"நீ சரி பண்ணினா?"

"மாமா கை பட்டா விடுமா? கண்ணை மூடிக்கிட்டு நடுவுல உக்காந்தியானா, பாடுறவங்க உன் பக்கத்துலேயே வந்து உக்காந்துடுவாங்க."

இதை அவன் வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லுவான். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பும் சிரிப்பான். குருவி சிரிக்கவில்லை. அவள் ஜன்னல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அங்க சில்லுனு இருக்கு மாமா," என்றாள். "நடுவுல."

"மழைக்கு அப்படித்தான் இருக்கும்," என்றான்.

நைலான் நூலை அறுப்பதற்கே நேரம் பிடித்தது. டேப்பைப் பிரித்தால் உள்ளே இன்னொரு டேப். பிரித்து முடித்து ஒயரைக் கையில் எடுத்தவன் முகம் சுளித்தான். ஒயரா அது! ஹெட்போனுக்குள் ஓடுமே, அந்த மாதிரித் தலைமுடி ஒயர். வலது பின்கதவையும் பார்த்தான், அங்கேயும் அதே. முன் கதவுகளில் கம்பெனிக்காரன் போட்ட நல்ல ஒயர் அப்படியே இருக்க, பின்னால் மட்டும் யாரோ வேலை மெனக்கெட்டு நல்லதை உருவிவிட்டு இந்த நூலைப் போட்டிருக்கிறார்கள். காதை வைத்தே பிழைத்த மனுஷன், ஒலிப்பதிவுக் கூடத்தில் கிடந்தவன், இதைச் செய்வானா?

அங்கே அவன் நின்றிருக்கலாம். ஒருவன் வேலை தெரிந்து ஒரு தப்பைச் செய்து, அதை முடிச்சுப் போட்டும் வைத்திருந்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று அவனும் யோசிக்காமல் இல்லை. ஆனால் தலைகீழாகக் கொடுத்த ஒயரைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு போகிற ஜாதி இல்லை அவன்.

பழைய ஒயரை வெட்டினான். அதிலும் அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேண்டாத ஒயரை ஒரு இடத்தில் வெட்டி விட்டுவிட மாட்டான், இரண்டு இடத்தில் வெட்டி, நடுவே ஒரு சாண் துண்டை எடுத்துத் தூரப் போட்டுவிடுவான். வெட்டிய முனைகள் வண்டி ஆட்டத்தில் மறுபடி ஒட்டிக்கொண்டு புகைந்ததை ஒரு தடவை பார்த்ததிலிருந்து அந்தப் பழக்கம், இப்போது அவன் நினைக்காவிட்டாலும் கை அதைச் செய்துவிடும். டக். டக். சாண் துண்டு விரலில் வந்தது. லேசாகச் சுட்டது.

பேட்டரி இணைப்பே இல்லாத வண்டியில் ஒயர் எப்படிச் சுடும்? டார்ச் வெளிச்சத்தின் சூடாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு துண்டை மேசைக்கடியில் எறிந்தான்.

"இப்ப எந்த ஒயர் போடப் போற?" குருவி இறங்கி வந்து சுவரில் தொங்கிய சுருள்களின் கீழே நின்றாள்.

இது அவனுக்குப் பிடித்த கேள்வி. ஒரு சுருளின் நுனியைப் பிடித்து பிளேடால் சுரண்டிக் காட்டினான். "மேல செம்பு மாதிரி மினுக்குதா? உள்ள பாரு, வெள்ளை. அலுமினியம். இது மேக்கப் போட்ட ஒயர்." அடுத்ததைச் சுரண்டினான். "இதைப் பாரு. சுரண்டச் சுரண்டச் செம்புதான். அசல்."

"தடியா இருக்கு."

"இருக்கணும். ஒல்லி ஒயர்ல சத்தம் இடிச்சுப் பிடிச்சு வந்து சேர்றதுக்குள்ள பாதி செத்துடும். தடியா போட்டா அந்தப் பக்கம் என்ன இருக்கோ அது முழுசா இந்தப் பக்கம் வரும்."

"இதைவிடத் தடியா இருக்கா?"

"இருக்கு. அதோ பாரு, மாமா விரல் தண்டி. அது பேட்டரிக்குப் போடுறது. உனக்கு இது போதும்டி, பெரிய மனுஷி."

குருவிக்காக என்று நினைத்துத்தான் அசல் செம்பை எடுத்தான். கதவுக்கும் வண்டிக்கும் நடுவே இருக்கிற ரப்பர் குழாய்க்குள் புது ஒயரை நுழைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. சோப்புத் தண்ணீர் தடவி, வளைத்து, திட்டி, கெஞ்சித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அன்றைக்கு அந்தப் பாடே இல்லை. நுனியை வைத்ததும் ஒயர் வழுக்கிக்கொண்டு போனது. மறுமுனையில் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி, சீராக, அவசரமில்லாமல் போனது. வலது கதவிலும் அப்படியே. அவன் கையை எடுத்த பிறகும் கொஞ்ச தூரம் போயிற்று.

'வழுக்கலான ஒயர்,' என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும், வேறு என்ன செய்வது?

ஈயம் வைத்து முடித்ததும் ஒரு பென்சில் செல்லை எடுத்தான். இது பழைய கைவேலை. செல்லின் இரண்டு முனைகளையும் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் ஒரு தொடு தொட்டால் ஸ்பீக்கரின் காகிதக் கிண்ணம் ஒரு துள்ளு துள்ளும். வெளியே துள்ளினால் சரி, உள்ளே போனால் தப்பு. வலது கதவில் தொட்டான், வெளியே துள்ளியது. இடது கதவில் தொட்டான், வெளியே துள்ளியது.

"இப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத் தள்ளுறாங்க," என்றான் பெருமையாக. செல்லைச் சட்டைப் பையில் போட்டான்.

இடது கதவின் கிண்ணம் மறுபடி வெளியே வந்தது.

மெதுவாக வந்தது. நின்றது. பிறகு உள்ளே போனது, போக வேண்டிய இடத்தையும் தாண்டி. மறுபடி வெளியே வந்தது. அவன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பின் சீட்டைத் தாண்டி வலது கதவைப் பார்த்தான், அங்கேயும் கிண்ணம் வெளியே வந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது, இதோடு சேர்ந்து, துளி முன்னே பின்னே இல்லாமல். ஷட்டரில் காற்று மோதுகிறது, உள்ளே அடைத்த காற்று அமுங்கி விரிகிறது, அதுதான் கிண்ணத்தைத் தள்ளுகிறது என்று காரணம் கண்டுபிடித்தான். உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். வெளியே வந்தபோது கையில் ஈரமான வெதுவெதுப்பு பட்டது. உள்ளே போனபோது உள்ளங்கைத் தோல் ஒட்டி இழுபட்டது.

கையை உதறிக்கொண்டு எழுந்தான். வேலையை முடித்துப் பாட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். பேட்டரியை மாட்டினான், சாவியைத் திருப்பினான், செட்டில் ஏதோ ஒரு பெண் பாடுகிற பாட்டைப் போட்டான். பிறகு அவனே, அவனே தன் வாயால், அதைச் சொன்னான்.

"குருவி, நடுவுல உக்காந்து கேளு. சரியா வருதான்னு சொல்லு."

"அங்க சில்லுனு..."

"ஒரு நிமிஷம்தானேடி. மாமாவுக்காக."

மாமாவுக்காக என்றால் அவள் எதையும் செய்வாள். ஏறி, நடுவிலிருந்த குழியில் உட்கார்ந்தாள். அளவெடுத்த மாதிரி சரியாகப் பொருந்தினாள். சொன்னபடி கண்ணை மூடினாள்.

குரல் வந்தது. அடேயப்பா, எப்படி வந்தது! இத்தனை வருஷத் தொழிலில் அவன் அப்படி ஒரு குரலை ஒரு வண்டிக்குள் நிறுத்தியதில்லை. உதடு பிரிகிற சத்தம் கேட்டது, வரிக்கும் வரிக்கும் நடுவே மூச்சு எடுப்பது கேட்டது. கதவில் ஸ்பீக்கர் இருப்பதே மறந்துபோனது, குரல் குழந்தை உட்கார்ந்திருக்கிற இடத்தில் நின்றது. குருவியின் முகம் மலர்ந்தது.

"மாமா, வந்துட்டாங்க! பக்கத்துல வந்துட்டாங்க!"

"நான்தான் சொன்னேனே," என்று அவன் சிரித்தான். சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கியது.

"மாமா, இடம் கேக்குறாங்க."

"யாரு?"

குருவியிடம் கேள்வி கேட்டுப் பதில் வராமல் போனது அதுதான் முதல் தடவை.

அவன் பாட்டை நிறுத்தினான். சாவியைத் திருப்பி, உருவி, கையில் வைத்துக்கொண்டான். செட்டின் விளக்கு அணைந்தது. மழை கூரையில் பெய்துகொண்டிருந்தது, குழல்விளக்கு ரீங்கரித்தது, இந்த இரண்டுக்கும் அடியில் வேறொரு சத்தம் இருந்தது. மெல்லிய விசில். இழுத்து, நின்று, இழுத்து. அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

"குருவி! இழுக்குதா? இரு, இரு கண்ணு, மாமா இதோ..."

பாய்ந்து பையை எடுத்தான், முன்பக்கப் பையிலிருந்து மருந்தை எடுத்தான், பின்கதவு வழியாக ஏறி அவள் முகத்தைப் பிடித்தான். அவள் உதடுகள் மூடியிருந்தன. முகம் அமைதியாக இருந்தது, இளைப்பில் கழுத்துக் குழி உள்வாங்குமே, அது இல்லை. நெஞ்சில் காதை வைத்தான். விசில் அங்கே இல்லை.

விசில் கதவுகளில் இருந்தது.

இரண்டு கதவுகளிலும். கிண்ணம் வெளியே வந்தது, குழந்தையின் நெஞ்சு தாழ்ந்தது. கிண்ணம் உள்ளே போனது, குழந்தையின் நெஞ்சு நிமிர்ந்தது. அவளுடைய மூச்சை அவை மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

"கண்ணைத் திற. குருவி. கண்ணைத் திறடி, தங்கம்."

"சில்லுனு இல்ல மாமா இப்ப," என்றது அவள் குரல்.

அவள் வாய் அசையவில்லை.

அவளை வாரித் தூக்கினான். போன மழையில் ஒரு கையால் தூக்கியவன், இப்போது இரண்டு கைகளாலும் முடியவில்லை. அவளோடு சேர்த்து இன்னொரு ஆளைத் தூக்குகிற கனம். பல்லைக் கடித்து ஒரு கையளவு நகர்த்தினான், நடுவிலிருந்து ஓரத்துக்கு. விசில் நின்றது. அவள் நெஞ்சு நின்றது. உதடு ஓரத்தில் நீலம் படர்ந்தது. மருந்தை வாயில் வைத்து அழுத்தினான், இழுக்க மூச்சு இல்லாமல் மருந்து வெண்புகையாக அவன் முகத்திலேயே அடித்தது. அவளைப் பழைய குழிக்குள் தள்ளினான். நெஞ்சு நிமிர்ந்தது. விசில் வந்தது.

சாவி கையில் இருந்தது. பேட்டரி. பேட்டரியைக் கழற்ற வேண்டும். ஓடினான், கழற்றினான், திரும்பி ஓடி வந்தான். விசில் நிற்கவில்லை. அதற்குப் பேட்டரி என்றைக்குமே வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது வழி. இவன் போட்டுக் கொடுத்த வழி.

தலைமுடி ஒயர். தலைகீழ் இணைப்பு. முடிச்சு. அந்த மனுஷன் எதை ஒல்லியாக்கி, எதை நடுவில் வந்து சேரவிடாமல் கட்டி வைத்திருந்தான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஒயரை மறுபடி தலைகீழாக்க வேண்டும். ஈயத்தை உருக்க வேண்டும். சூட்டுக்கோல் ஆறிக் கிடந்தது. குருவியின் மூடிய உதடுகள் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அது குருவியின் சிரிப்பு இல்லை. அவள் சிரித்தால் விழுந்த பல்லின் சந்து தெரியும்.

கட்டரை எடுத்தான்.

இடது கதவு. ஸ்பீக்கருக்குப் பின்னால், புது ஒயர், கறுப்பும் சிவப்பும். பயத்தில் புத்தி போனாலும் கைக்குப் பழக்கம் போகாது. டக். டக். சாண் துண்டு கையில் வந்தது. கை அதை எறிந்தது. அது கதவின் உள்ளே, கண்ணாடி இறங்குகிற சந்துக்குள் விழுந்து, எங்கோ ஆழத்தில் 'டிங்' என்றது.

விசில் நின்றது.

திரும்பிப் பார்த்தான். குருவியின் தலை சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை.

"ஐயோ. ஐயோ, இல்ல. இல்லடி. வேண்டாம்."

ஒரு முனையைப் பிடித்தான். இன்னொரு முனையைப் பிடித்தான். இழுத்தான். சேரவில்லை. நடுவே ஒரு சாண். அவனே எறிந்த சாண். பற்களால் உறையைக் கடித்துக் கிழித்தான், செம்பு நாக்கில் கரித்தது. இடது கையில் ஒரு முனை. வலது கையில் ஒரு முனை. இன்னும் இழுத்தான். வெறும் செம்பு இரண்டு கைகளுக்குள்ளும் அழுந்தியது.

வெதுவெதுப்பு.

இடது உள்ளங்கையில் ஏறியது. முழங்கை. தோள். நெஞ்சுக் குறுக்கே. வலது தோள். வலது கை. கதவின் கிண்ணம் வெளியே வந்தது.

குருவி மூச்சு விட்டாள்.

அவன் அழுதான். சத்தமில்லாமல், அசையாமல் அழுதான். சுருள் சுவரில் தொங்கியது, எட்ட வேண்டுமானால் ஒரு கையை விட வேண்டும். இடது விரலைத் துளி தளர்த்திப் பார்த்தான். குழந்தையின் மூச்சு பாதியில் நின்றது. இறுக்கிப் பிடித்தான். மூச்சு வந்தது. மறுபடி அவன் தளர்த்திப் பார்க்கவில்லை.

கிண்ணம் உள்ளே. குழந்தையின் நெஞ்சு மேலே. கிண்ணம் வெளியே. நெஞ்சு கீழே. தன் நெஞ்சும் அதே கணக்கில் போவதை அவன் கவனித்தான். வேறு கணக்கில் மூச்சு விடப் பார்த்தான். வரவில்லை.

வெளியே ஒரு ஆட்டோ வந்து நின்றது. மழையில் ஓடி வருகிற காலடி. ஷட்டரைத் தட்டுகிற சத்தம்.

"அண்ணா." வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுகிற குரல், கொழகொழவென்று வந்தது. "அண்ணா, நான்தான். ஷட்டரைத் தூக்கு. நனையுறேன்."

அவன் வாயைத் திறந்தான். வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது, மெல்லிய விசிலோடு.

"என்னண்ணா பண்ற? குருவி தூங்கிட்டாளா? குருவி!"

"வேலை நடக்குதும்மா," என்றது குருவியின் குரல், கணீரென்று, வண்டிக்குள் நடுவிலிருந்து. "மாமா ஒயரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கார். கொஞ்சம் இரு."

"அப்பாடா," என்றாள் தங்கச்சி வெளியே. "இளைப்பு இல்லையே?"

"இல்லம்மா. இப்ப மூச்சு நல்லா வருது."

ஷட்டருக்கு அந்தப் பக்கம் தங்கச்சி நிம்மதியாகச் சுவரோரம் ஒதுங்கி நிற்பது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. அவன் கைகள் ஒயரை விடவில்லை. பின் சீட்டின் நடுவில் குருவியின் தலை மெதுவாக நிமிர்ந்தது. மூடிய கண்கள் அவன் பக்கம் திரும்பின. உதடுகள் மறுபடி மூடியிருந்தன. இரண்டு கதவுகளிலிருந்தும், அவன் இரண்டு கைகளின் வழியாகவும், அவளுடைய குரல் வந்து நடுவில் நின்றது.

"மாமா," என்று செல்லமாகக் கேட்டது. "இதைவிடத் தடியா இருக்கா?"